ஏலக்காய் விலையும் ஊர்களை ஒப்பிடும் கணக்கும்

பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த வாணியங்குளத்தில் வியாழக்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே பேரம் நடக்கும் விதம் புதிதாகச் செல்பவருக்கு வியப்பளிக்கும். விற்பவரும் வாங்குபவரும் கைகோத்து நிற்பர். கோத்த கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டின் மறைவில் விரல்களைப் பற்றியும் விடுத்தும் விலை பேசப்படும். பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை விரல் பற்றப்பட்டது என்பது தெரியாது. பேரம் முடிந்து மாடு கைமாறிய பின்னரும் அது என்ன விலைக்குப் போயிற்று என்பதை அவ்விருவரும் தரகரும் மட்டுமே அறிவர். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிச் சந்தையிலும் இவ்வழக்கம் உண்டு.

இம்முறையில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஒரு மாட்டைப் போல் மற்றொரு மாடு இராது. ஆகவே ஒன்றன் விலை மற்றொன்றுக்கு அளவுகோலாக வேண்டாம் என்பது வியாபாரிகளின் எண்ணம். ஆயினும், தன் மாட்டை முதன்முறையாக ஓட்டிவரும் குடியானவர் எதனோடும் ஒப்பிட இயலாத நிலையில் நிற்கிறார் என்பதை மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறானதொரு காட்சியை இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் காணலாம். அங்கே ஏலக்காய் வியாபாரிகள் வரிசையாகக் கணிப்பொறிகளின் முன் அமர்ந்திருப்பர். கேட்கப்படும் ஒவ்வொரு விலையும் திரையில் தோன்றும். அன்றைய விற்பனை முடிந்ததும் அதன் விவரம் பொதுமக்கள் அறிய வெளியிடப்படும். இவ்விவரத்தைக் கொண்டு ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் விலையை ஒப்பிடலாம். ஒப்பிடுவது எளிது போலத் தோன்றினும், சரியாக ஒப்பிடுவதற்குச் சிறிது பயிற்சி வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பொருள்

ஏலம் என்ற சொல் தமிழில் செடியையும் குறிக்கும், கூவி விற்கும் முறையையும் குறிக்கும். முன்னது பழந்தமிழ்ச் சொல். பின்னது போர்த்துகீசியர் வழியே வந்ததென்பர். இரண்டும் ஒருங்கே பொருந்தும் சரக்கு ஏலக்காய் ஒன்றே எனலாம்.

நெடுங்காலம் இவ்விற்பனை வாய்மொழியாகவே நடந்து வந்தது. ஏலக்காய்க்கென ஒரு வாரியம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1966இல் அமைந்தது. பின்னர் 1987இல் அது, தோட்டக்காரர்கள் ஸ்பைசஸ் போர்டு என்று வழங்கும் நறுமணப் பொருள் வாரியத்துள் இணைந்தது. 2007ஆம் ஆண்டில் வாரியம் கணிப்பொறி மூலம் விலை கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பயனாகக் கூச்சல் குறைந்தது. யார் எவ்வளவு கேட்டார் என்ற தகராறும் நீங்கியது. எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. புற்றடியின் கணிப்பொறிகள் புற்றடிக்குள்ளேயே பிணைக்கப்பட்டிருந்தன, போடியின் கணிப்பொறிகள் போடிக்குள்ளேயே. ஓர் ஊரில் வரும் சரக்கை வாங்க விரும்பும் வியாபாரி அவ்வூர் மன்றத்திலேயே நேரில் அமர வேண்டும். போடிமெட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகவோ, கம்பமெட்டு அல்லது குமுளி வழியாகவோ மலை ஏறி இறங்குவது அவர் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக ஏல விற்பனை நின்றது. மே மாதக் கடைசியில் அது மீண்டும் தொடங்கியபோது, மாநில எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மலைமேல் காய் இருந்தது, மலைக்குக் கீழே பணம் இருந்தது, இடையே சோதனைச் சாவடி இருந்தது. வாங்குவோர் குறைந்த மன்றத்தில் விலை எவ்வாறு நிற்கும் என்பதை அவ்வாண்டில் தோட்டக்காரர்கள் அனுபவத்தில் கண்டனர்.

2021 ஜனவரியில் வாரியம் இரு மன்றங்களையும் மேகக் கணிமை என்னும் முறையால் இணைத்தது. மேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. கணக்கு வைக்கும் கணிப்பொறி மன்றத்துக்குள் இராமல் வேறோர் ஊரிலுள்ள பெரிய நிலையமொன்றில் இருக்கும். மன்றங்கள் கம்பி வழியே அதனோடு பேசும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லுமாதலின், 1,000 கிலோமீட்டர் தொலைவு வினாடியின் 200இல் ஒரு பங்கு நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே போடியில் அமர்ந்தவரும் புற்றடியில் அமர்ந்தவரும் ஒரே லாட்டுக்கு ஒரே சமயத்தில் விலை கேட்கலாம்.

பட்டியலைப் படிக்கும் முறை

தோட்டக்காரர் தம் உலர்ந்த காயை உரிமம் பெற்ற ஏல நிறுவனமொன்றில் பதிவு செய்கிறார். ஒவ்வொருவருடைய சரக்கும் தனி லாட்டாக எண் பெறுகிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரி வியாபாரிகளிடம் தரப்படுகிறது. அவர்கள் நிறத்தைப் பார்ப்பர், காயை உடைத்து விதையைப் பார்ப்பர், முகர்வர், பின்னர் விலை கேட்பர்.

நாளின் முடிவில் வாரியம் வெளியிடும் பட்டியலில் சில பத்திகளே உண்டு. ஏல நாள், நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, கிலோவுக்குக் கிடைத்த உச்ச விலை, சராசரி விலை என்பவை அவை. மறுநாட் காலையில் ஊர்ப் பேச்சிலும் செய்தித்தாளிலும் பெரிதாக அடிபடுவது உச்ச விலைதான். தோட்டக்காரருக்கு மிகக் குறைந்த பயன் தருவதும் அதுவே.

2019ஆம் ஆண்டின் கதை இதற்குத் தக்க சான்றாகும். 2018 ஆகஸ்டின் பெருமழையில் தோட்டங்கள் பல சரிந்தன. அடுத்த கோடையில் வறட்சி தாக்கியது. காய் அருகியது. 2019 ஆகஸ்டு தொடக்கத்தில் புற்றடியில் ஒரு லாட்டு கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அச்செய்தி நாடெங்கும் பரவியது. ஆனால் அன்றைய சராசரி அதைவிட வெகுவாகத் தாழ்ந்தே இருந்தது. 7,000 என்ற எண்ணைக் கேட்டு, தென்னை நின்ற இடத்திலும் மிளகு நின்ற இடத்திலும் ஏலம் நட்டவர்கள் உண்டு. நட்ட செடி நிறைந்த பலன் தர மூன்றாண்டுகள் செல்லும். அவர்கள் காய் பறிக்கத் தொடங்கிய 2022இல் சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. இங்கே நேர்ந்த பிழை இரண்டு. உச்சத்தைச் சராசரியாகக் கொண்டது ஒன்று. இன்றைய விலையை மூன்றாண்டுக்குப் பிந்தைய விலையாகக் கொண்டது மற்றொன்று. பட்டியல் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் பட்டியலுக்கு உரியதன்று.

விற்ற எடை என்னும் பத்தியையும் தவறாமல் நோக்க வேண்டும். வந்த எடையில் பெரும்பகுதி விற்காமல் நின்றிருப்பின், அன்றைய சராசரி விலை நல்ல காய்க்கு மட்டுமே கிடைத்த விலையாக இருத்தல் கூடும். தவிர, மன்றத்துக்கு வருவதனைத்தும் தோட்டத்திலிருந்து நேரே வந்த காயன்று. ஓரிடத்தில் வாங்கியதை வியாபாரிகள் மீண்டும் பதிவு செய்து விற்பதும் உண்டு. வரத்து மிகுந்தது போன்ற தோற்றத்தை இது தருகிறது என்பது தோட்டக்காரர்களின் நெடுநாளைய முறையீடு.

ஒரு லிட்டர் படியும் ஒரு தராசும்

இரு ஊர்களின் சராசரியை ஒப்பிடும்போது இரு ஊர்களிலும் ஒரே தரச் சரக்குத்தான் வந்தது என்று கொள்வது அடுத்த பிழை. ஏலக்காயின் தரத்தை அறிய எளியதோர் அளவு உண்டு. அதற்கு லிட்டர் எடை என்று பெயர். ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுத்தால், முற்றி விதை நிறைந்த காய் மிகுதியாக நிற்கும். பிஞ்சும் பொக்கும் இடத்தை அடைக்குமேயன்றி எடை தரா. அக்மார்க் விதிப்படி, ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட் எனப்படும் முதல் தரக் காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், லிட்டர் எடை 435 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அடுத்ததான போல்ட் தரத்துக்கு 6 மில்லிமீட்டரும் 415 கிராமும், சூப்பீரியர் தரத்துக்கு 5 மில்லிமீட்டரும் 385 கிராமும் வரம்பாகும்.

மலைப்பகுதிப் பள்ளிகளில் இதனைச் செய்து காட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மாணவர் வீடுகளிலிருந்து வரும் காயே போதும். கன அளவு, நிறை, அடர்த்தி ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட, தம் தந்தை விற்கப்போகும் காய் 400 கிராம் நிற்கிறதா 430 நிற்கிறதா என்று பார்க்கும் மாணவன் அடர்த்தி என்பதை மறக்கமாட்டான்.

பட்டியலில் இல்லாத எண்

எல்லாவற்றினும் முக்கியமான எண் எந்தப் பட்டியலிலும் அச்சிடப்படுவதில்லை. சிறு தோட்டக்காரர் பலருக்குச் சொந்தமான உலர்த்தும் ஸ்டோர் கிடையாது. பறித்த பச்சைக்காயை ஊர் வியாபாரியிடமே கொடுத்துவிடலாமா, கூலி கொடுத்து உலர்த்தி ஏலத்துக்கு அனுப்பலாமா என்பதே அவர் ஒவ்வொரு பறிப்பின்போதும் தீர்க்க வேண்டிய கேள்வி. பச்சைக்காயின் விலை ஒன்று, உலர்காயின் விலை வேறொன்று. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் எத்தனை கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காய் ஆகும் என்பது தெரிதல் வேண்டும்.

பறித்த காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே ஐந்துக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்லிவிடுவர். ஆனால் இவ்விகிதம் நிலையானதன்று. நன்கு முற்றிய காயாயின் நாலரைக் கிலோவிலேயே ஒரு கிலோ தேறும். பிஞ்சு கலந்தும் மழையில் நனைந்தும் இருப்பின் ஐந்தரை வேண்டும்.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே. ஏலத்தில் சராசரி விலை கிலோ 2,300 ரூபாய் என்றும், கமிஷன் முதலிய கழிவு 25 ரூபாய், வண்டிக்கூலி 15 ரூபாய், உலர்த்தும் கூலி 120 ரூபாய் என்றும் கொள்வோம். கழிவு போகத் தோட்டக்காரர் கையில் நிற்பது 2,140 ரூபாய். ஊர் வியாபாரி பச்சைக்காயைக் கிலோ 420 ரூபாய்க்குக் கேட்கிறார்.

விகிதம் ஐந்தாயின், ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு 2,100 ரூபாய் உடனே கிடைக்கும். ஏலத்துக்கு அனுப்பினால் 40 ரூபாய் கூடுதல். பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். விகிதம் நாலரையாயின் வியாபாரி தருவது 1,890 ரூபாய்தான். உலர்த்தி அனுப்பினால் 250 ரூபாய் கூடுதல். விகிதம் ஐந்தரையாயிருப்பின் வியாபாரி தருவது 2,310 ரூபாய். அப்போது பச்சையாக விற்பதே 170 ரூபாய் மேல். ஏல விலை மாறவில்லை, வியாபாரியின் விலையும் மாறவில்லை. அரைக் கிலோ நீர் ஒன்றே முடிவை இப்பக்கமும் அப்பக்கமும் புரட்டிவிடுகிறது.

இவ்வெண்ணைத் தோட்டக்காரர் தாமே காணலாம். ஒவ்வொரு பறிப்பிலும் பச்சை எடையையும் உலர் எடையையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால், ஓராண்டில் அவருடைய தோட்டத்துக்குரிய விகிதம் மாதவாரியாகப் புலப்படும். கள ஊழியர்கள் விலைப் பட்டியலைப் படித்துக் காட்டுவதோடு அமையாது இந்நோட்டை எழுதவும் பழக்குவார்களாயின், பட்டியல் அப்போதுதான் பயன்படத் தொடங்கும்.

வடகரையில் கொட்டிய மீன்

விலையறிவதால் உண்மையில் நன்மை விளைகிறதா என்று ஐயுறுவோர்க்குக் கேரளத்தின் வடகரையோரமே விடை தந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1997 ஜனவரி 14ஆம் நாள் வடகரையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றித் தம் மத்தி மீனைக் கொட்டிவிடும் நிலையில் இருந்தனர். அதே வேளையில் அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் நிலையில் நின்றனர். ஒருவரைப்பற்றி மற்றவருக்குத் தெரியாது.

அவ்வாண்டில் கைபேசி வரத் தொடங்கியது. படகிலிருந்தே கரையோரச் சந்தைகளின் விலையைக் கேட்டு, எங்கே கரையேற்றுவது என்று மீனவர்கள் தீர்மானிக்கலாயினர். சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேறுபாடு பெரிதும் சுருங்கியது. மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. அதே சமயம் வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரு தரப்பாருக்கும் ஒருங்கே நன்மை நேர்ந்தது என்பதே இவ்வாராய்ச்சியின் சிறப்பு. வீணாய்ப் போன மீனே இருவருக்கும் பங்காகக் கிடைத்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கடலில் படகுக்குத் தடையில்லை. விலை தெரிந்தவுடன் திசையை மாற்றிக்கொள்ள மீனவரால் முடிந்தது.

வாளையாறு தாண்டாத விலை

பாலக்காட்டு எல்லையில் நிலைமை வேறு. 2022-23ஆம் ஆண்டில் கேரளத்தில் நெல் கொள்முதல் விலை கிலோ 28 ரூபாய் 20 காசு, அதாவது குவிண்டால் 2,820 ரூபாய். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையான 2,040 ரூபாயோடு மாநிலத்தின் பங்காக 780 ரூபாய் சேர்த்துத் தரப்பட்டது. அதே பருவத்தில் தமிழ்நாட்டில் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் சாதாரண ரகத்துக்கு 2,115 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,160 ரூபாயும் தந்தன. எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே வயல்வெளி, ஒரே நெல், ஏறத்தாழ 700 ரூபாய் வேறுபாடு.

ஆயினும் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிக்கு 2,820 ரூபாய் என்பது விலையே அன்று. கேரளத்தில் பயிரிடுபவராகப் பதிவு பெற்றவரே அங்குக் கொள்முதலுக்கு நெல் கொடுக்கலாம். அங்குள்ள விவசாயிக்கும் 2,820 என்பது பணம் கைக்கு வரும் நாளைப் பொறுத்தது. நெல் பெற்றதற்கான சீட்டை வங்கியில் காட்டிப் பணம் பெறும் முறையில் பல பருவங்களில் தாமதம் நேர்ந்து, சிற்றூர் முதலிய தாலுகாக்களின் விவசாயிகள் வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தது. மூன்று மாதம் கழித்து வரும் விலையையும் இன்றே வரும் விலையையும் அருகருகே எழுதினால் அவை ஒப்பீடு ஆகா. முன்னதிலிருந்து மூன்று மாத வட்டியைக் கழித்தே எழுத வேண்டும்.

மத்திய அரசின் விற்பனை ஆய்வு இயக்ககம் 2000ஆம் ஆண்டு முதல் அக்மார்க்நெட் என்னும் ஏற்பாட்டின் மூலம் நாடெங்குமுள்ள சந்தை விலைகளைத் திரட்டி வெளியிட்டு வருகிறது. அதில் குறைந்த விலை, கூடிய விலை ஆகியவற்றோடு முகட்டு விலை என்ற ஒன்றும் தரப்படுகிறது. அன்று வந்த சரக்கில் மிகுதியானது எந்த விலைக்குப் போயிற்றோ அதுவே முகட்டு விலை. மாணவர்களுக்குச் சராசரி வேறு, முகடு வேறு என்று விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் இங்கும் அலகைக் கவனிக்க வேண்டும். தேங்காயை ஓரிடத்தில் எண்ணிக்கையாலும், ஓரிடத்தில் எடையாலும், பிறிதோரிடத்தில் கொப்பரையாகக் குவிண்டால் கணக்கிலும் விற்பர். கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் இம்மூன்றையும் ஓர் அலகுக்குக் கொண்டுவராமல் எந்தச் சந்தை மேல் என்று சொல்ல இயலாது.

கணிப்பொறிக்கும் வாடகை

ஏல மன்றத்துக்குக் கணக்கு வைக்கும் மேகக் கணிமையும் இன்று ஒரு சரக்கே என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நல்லது. பெரிய நிறுவனங்கள் கணிப்பொறி நிலையங்களை அமைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகின்றன. மும்பை, புனே, சென்னை, ஹைதராபாத், டில்லி ஆகிய இடங்களில் அவற்றின் நிலையங்கள் உள்ளன. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் பிரேசிலின் சாவோ பாலோவிலும் உள்ளன. அரசு அலுவலகங்களுக்கெனத் தேசியத் தகவலியல் மையம் நடத்தும் மேகராஜ் என்ற ஏற்பாடு 2014இல் தொடங்கியது.

ஒரே ஆற்றலுள்ள கணிப்பொறிக்கு இடத்துக்கு இடம் வாடகை மாறும். மின்கட்டணம், நிலவிலை, இறக்குமதி வரி, போட்டியாளர் எண்ணிக்கை ஆகியவை அதற்குக் காரணங்கள். நிறுவனங்கள் தம் விலைப் பட்டியலை யந்திரமே படிக்கத்தக்க வடிவில் வெளியிடுவதால், எல்லா இடத்து விலைகளையும் திரட்டி அருகருகே காட்டும் ஒப்பீட்டுக் கருவிகள் பல தோன்றியுள்ளன. மணி வாடகையை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்பவர் உச்ச விலையைப் பார்த்து ஏலம் நட்டவரைப் போன்றவரே. வாடகைக் கணிப்பொறியிலிருந்து தகவல் வெளியே வரும்போது தனிக் கட்டணம் உண்டு. அமேசான் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில், தொடக்க அளவுகளுக்கு இக்கட்டணம் வர்ஜீனியாவில் ஜிகாபைட்டுக்கு 9 சென்ட், மும்பையில் ஏறத்தாழ 11 சென்ட். கணக்கை மட்டும் போட்டு விடையைச் சுருக்கமாக அனுப்பும் அலுவலகத்துக்கு இது பொருட்டன்று. படங்களையும் பாடங்களையும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அனுப்பும் அலுவலகத்துக்கோ வாடகையைவிட இதுவே பெருஞ்செலவாகிவிடும். விலை டாலரில் குறிக்கப்பட்டிருப்பின் நாணய மாற்று விகிதமும் கணக்கில் சேரும். தகவல் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்ற விதி பொருந்தும் அலுவலகத்துக்கு வர்ஜீனியாவின் மலிவு, பொள்ளாச்சி விவசாயிக்குக் கேரளத்து நெல் விலை போன்றது. காணலாம், பெற முடியாது.

கருவி இத்தகைய கேள்விகளைத் தானே கேட்பதில்லை. எத்தனை மணி நேரம், எவ்வளவு தகவல், எந்த விதி என்பவை, பச்சைக்காய் விகிதத்தைப் போலவே, பயன்படுத்துவோரின் நோட்டில்தான் இருக்கும்.

மலைக்கு அப்பால் உள்ள விலை

ஏலக்காயின் விலை புற்றடியிலும் போடியிலும் மட்டும் தீர்மானமாவதில்லை. உலகில் மிகுதியாக ஏலக்காய் விளைவிக்கும் நாடு மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலா ஆகும். அந்நாட்டினர் அதைப் பெரும்பாலும் உண்பதில்லை, ஏற்றுமதிக்காகவே பயிரிடுகின்றனர். அரபு நாடுகளின் காப்பிக் கடைகளில் இரு நாட்டுக் காயும் போட்டியிடுகின்றன. குவாதமாலாவில் விளைச்சல் குன்றினால் வண்டன்மேட்டில் விலை ஏறும், அங்கே மிகுந்தால் இங்கே இறங்கும். ஆகவே போடி விலையையும் புற்றடி விலையையும் ஒப்பிட்டு இரண்டும் இறங்குவதைக் காணும் தோட்டக்காரர், இரு மன்றங்களுக்கும் பொதுவான காரணமொன்றைத் தேட வேண்டுமேயன்றி ஒரு மன்றத்தைவிட்டு மற்றதற்கு ஓடுவதில் பயனில்லை. மன்றங்கள் இணைந்த பின்னர் இது இன்னும் உண்மையாயிற்று. ஒரே வியாபாரிகள் இரு ஊர்ச் சரக்குக்கும் விலை கேட்பதால், ஒரே தரத்துக்கு ஊர்வேறுபாடு நெடுநாள் நீடிக்க இடமில்லை.

பூச்சிமருந்து எச்சத்தைக் காரணங்காட்டிச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பியனுப்பியதும் உண்டு. அந்த எச்சத்தை லிட்டர் படியும் காட்டாது, விலைப் பட்டியலும் காட்டாது, ஆய்வுக்கூடச் சோதனையே காட்டும்.

உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகள் பல உள்ளன. அவற்றின் ஆசிரியர்கள் நாள்தோறும் வெளியாகும் ஏலப் பட்டியலிலிருந்து விற்ற எடையையும் சராசரி விலையையும் மட்டும் எடுத்து, ஒரு மாதத்துக்குச் சுவரில் வரைபடமாக எழுதிவரச் செய்யலாம். கிழமைக்கு ஒருமுறை ஒரு லிட்டர் காயை நிறுத்து அதே தாளில் குறிக்கலாம். உயர் வகுப்பு மாணவர்கள் எடைக்கேற்ற சராசரி காணும் முறையை இதிலேயே பழகுவர். ஒரு நிறுவனம் 60,000 கிலோவையும் மற்றொன்று 20,000 கிலோவையும் விற்ற நாளில், இரு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது ஏன் தவறு என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.

விலை கம்பி வழியே மலையைத் தாண்டிவிட்டதாயினும் மாதிரி இன்னும் தாண்டவில்லை. வியாபாரி காயைக் கையில் உருட்டிப் பார்த்து, உடைத்து முகர்ந்த பிறகே விலை கேட்பார். பச்சை நிறத்தைப் படம் பிடிக்கலாம், மணத்தை அனுப்பும் யந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் சிறு பொட்டலமாக மன்றத்துக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. இரு மன்றங்களும் ஒரே லாட்டுக்கு விலை கேட்க வேண்டுமானால் அப்பொட்டலம் ஜீப்பிலேறி அதே வளைவுப் பாதைகளில்தான் செல்ல வேண்டும்.